நாலு கதவுக்கும் ஒரு நியாயம்

அமெரிக்காவின் மிகப் பிரபலமான பழைய ஃபோர்டு வி-8 எது என்று கேட்டால், பலரும் 1934ஆம் ஆண்டு மாடல் ஒன்றைத்தான் சொல்வார்கள். போனி பார்க்கர், கிளைட் பாரோ என்ற கொள்ளை ஜோடி அந்த ஆண்டு மே 23 அன்று லூசியானாவின் கிராமச் சாலையில் போலீஸ் குண்டுகளுக்குப் பலியானது அந்தக் காரில்தான். உடம்பெல்லாம் ஓட்டையான அந்த வண்டியைப் பார்க்கப் பல பத்தாண்டுகளாகக் கூட்டம் கூடியிருக்கிறது. அது ஒரு நாலு கதவு செடான். அதே ஆண்டு, அதே மாடல், குண்டு படாமல் முழுசாக ஒரு பழைய கார்ச் சந்தைக்கு வந்து நின்றால், பழைய காரை வேகத்துக்காக மாற்றி ஹாட் ராட் கட்டுகிறவர்கள் பலர் விலைகூட விசாரிக்காமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள்.

இந்த ஒதுக்கல் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க, தெற்குக் கலிஃபோர்னியாவின் முராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிகளுக்குப் போக வேண்டும். 1930களில் அந்தக் கெட்டிப்பட்ட மண்தரையில் இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை முடிந்தவரை கழற்றிப்போட்டு, எடையைக் குறைத்து, எஞ்சினைக் கிளறி வேகம் பார்த்தார்கள். 1937இல் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் பிறந்தது. ஆரம்ப காலத்தில் அது கூரையில்லாத ரோட்ஸ்டர்களின் உலகம். மூடிய கார்களுக்கு அங்கே இடமில்லை. ரஸெட்டா என்ற போட்டிச் சங்கம்தான் கூப்புகளுக்கும் செடான்களுக்கும் வாசலைத் திறந்தது.

1932இல் ஃபோர்டு, சாமானியரும் வாங்கும் விலையில் 221 கன அங்குல வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தது. அதன் சக்தி வெறும் 65 குதிரைத்திறன். ஆனால் அதைக் கூட்ட வழிகள் ஏராளம். லேசான ரோட்ஸ்டரில் அதைப் பூட்டினால் பறக்கும். நாலு கதவு செடானோ அப்பா வேலைக்குப் போகவும் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவும் வாங்கிய வண்டி. அதை யார் ஏரிக்குக் கொண்டுபோவார்கள்? 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ இதழ் வெளிவரத் தொடங்கியபோது அந்த ரசனை அச்சிலும் ஏறிவிட்டது. 1973இல் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தில் ஓடிய 1932 கூப்பும் 1955 செவ்ரலேயும் இரண்டு கதவுதான்.

எடை ஒரு நியாயமான காரணம்தான். ஆனால் இன்று ஹாட் ராட் கட்டுகிறவர்களில் எத்தனை பேர் ஏரிக்குப் போகிறார்கள்? பெரும்பாலானவை சனிக்கிழமைக் கண்காட்சிக்கும் நெடுஞ்சாலைப் பயணத்துக்கும் போகிற வண்டிகள். 1970இல் இல்லினாய் மாநிலம் பியோரியாவில் முதல் தேசிய ஸ்ட்ரீட் ராட் கூடுகை நடந்ததிலிருந்தே அந்தப் பிரிவின் நோக்கம் ஓட்டி மகிழ்வதுதான். 1949க்கு முந்தைய கார், நம்பகமான புது எஞ்சின், குளிர்சாதனம், பின்சீட்டில் பிள்ளைகள். அந்தக் குடும்பத்துக்கு நாலு கதவை விடப் பொருத்தமான வண்டி எது?

மற்றப் பிரிவுகளின் கணக்கு வேறு. முன்பக்கம் தூக்கிய டிராக் பந்தயப் பாணியான காஸர்காரர்களுக்கு எடைதான் எதிரி. நாலு கதவு அவர்களுக்கு ஆகாது. துருவையே அலங்காரமாக வைத்துக்கொள்ளும் ராட் ராட் கூட்டம் எதையும் எடுத்துக்கொள்ளும். நாலு கதவுக்கு உண்மையான மரியாதை கொடுத்தது லோரைடர் மரபு. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்ஸிகோ வம்சாவளியினர் ‘பாம்’ என்று அழைக்கும் 1930, 40களின் செவ்ரலேக்களில் நாலு கதவு வண்டி குறையுள்ளதாக எண்ணப்படுவதில்லை. தாழ இறக்கி, குரோம் பளபளக்க, வெயில்மறைப்புப் பட்டை மாட்டி, விட்டியர் பூலவார்டில் நடைவேகத்தில் ஊர்வலம் விடும்போது நீளம்தான் அழகு. ஹாட் ராட்காரர்கள் இவர்களிடம் பாடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

விலை விஷயத்தில் இந்த ஒதுக்கல் வாங்குகிறவருக்கு வரம். 1955 முதல் 57 வரையிலான செவ்ரலேக்களில் நடுத்தூண் இல்லாத இரண்டு கதவு ஹார்ட்டாப் கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. நாலு கதவு செடான் இன்னும் பாதி விலைக்கே அகப்படுகிறது. முகம் ஒன்றே, பானெட் ஒன்றே, பம்பர் ஒன்றே. அதனாலேயே ஒரு தலைமுறை முழுக்க இந்த நாலு கதவு வண்டிகளைக் கறிவேப்பிலையாகப் பயன்படுத்தியது: முன்பாகங்களைக் கழற்றி இரண்டு கதவுக் காருக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைக் காயலான் கடைக்கு அனுப்பியது.

ஆனால் மலிவு என்பது வாங்கும் நாளோடு முடிந்துவிடும். முன் பாகங்களைப் புதிதாக அடித்து விற்கிறார்கள். பின்கதவு, அதன் கண்ணாடிச் சட்டம், பின்கதவின் குரோம் பட்டை போன்றவை நாலு கதவுக்கே உரியவை. அவற்றைப் புதிதாகச் செய்ய ஆள் குறைவு. ஆகவே எஞ்சினே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாலு கதவும் எல்லாக் கண்ணாடியும் பட்டைகளும் முழுசாக இருக்கும் வண்டியே முதல் தேர்வு. எஞ்சின் எங்கும் கிடைக்கும். செவ்ரலேயின் 350 கன அங்குல வி-8 மலைபோல் குவிந்து கிடக்கிறது.

அடுத்தது மரம். ஜெனரல் மோட்டார்ஸின் 1930களின் முற்பகுதி வண்டிகளில் தகட்டுக்கு உள்ளே இருப்பது மரச்சட்டம். செவ்ரலேயில் 1937இல்தான் முழு எஃகு உடல் வந்தது. அதற்கு முந்தைய நாலு கதவு செவ்ரலேயை வாங்குகிறவர் கூடவே ஒரு நல்ல தச்சரையும் தேட வேண்டும். நடுத்தூண் உளுத்துப்போனால் இரண்டு பக்கமும் கதவு தொங்கும். புதியவருக்கு 1937க்கு முந்தைய செவ்ரலே வேண்டவே வேண்டாம் என்பதே நேர்மையான ஆலோசனை.

எஃகு உடலிலும் அந்த நடுத்தூண்தான் சோதனைக் களம். அனுபவசாலி ஒருவர் வண்டி பார்க்கும் விதம் இது: முதலில் எட்ட நின்று, நாலு கதவின் இடைவெளிக் கோடுகளும் மேலிருந்து கீழ் வரை ஒரே அகலத்தில் ஓடுகின்றனவா என்று பார்ப்பார். பிறகு பின்கதவைத் திறந்து, விளிம்பை இரு கையாலும் பிடித்து மேல்நோக்கித் தூக்குவார். கீல் மட்டும் ஆடினால் கவலையில்லை, புது ஊசி போதும். தூணோடு சேர்ந்து ஆடினால் அடியில் துரு தின்றிருக்கிறது. கடைசியாகத் துணி சுற்றிய காந்தத்தை வாசற்படித் தகட்டின் மேல் நகர்த்துவார். அது ஒட்டாமல் வழுக்கும் இடமெல்லாம் பட்டி பூசி மறைத்த ஓட்டை.

கூரையை வெட்டித் தாழ்த்தும் ஆசை பலருக்கு உண்டு. இரண்டு கதவுக் கூப்பில் வெட்ட வேண்டிய தூண்கள் குறைவு, இங்கே கூடுதல். கதவுச் சட்டங்களும் நாலு. கண்ணாடி தட்டையாக இருந்தால் வெட்டித் தந்துவிடுவார்கள், வளைந்த கண்ணாடிதான் பணத்தைக் கரைக்கும். பின்கதவை வெல்டிங் வைத்து மூடி, முன்கதவை நீட்டி, இரண்டு கதவாக ‘மாற்றுகிறவர்களும்’ இருக்கிறார்கள். அந்தச் செலவுக்கு இரண்டு கதவுக் காரையே வாங்கியிருக்கலாம்.

தேர்வு செய்வதென்றால், நாலு கதவாகப் பிறந்ததாலேயே அழகான வண்டியைத் தேர்வு செய்ய வேண்டும். 1949 முதல் 51 வரையிலான மெர்குரி செடானில் பின்கதவுக்குக் கீல் பின்பக்கம். இரண்டும் எதிரெதிராகத் திறக்கும்போது உள்ளறை ஒரு வரவேற்பறைபோல் தெரியும். 1961 லிங்கன் காண்டினென்டலும் அப்படியே. 1956இல் செவ்ரலே நாலு கதவு ஹார்ட்டாப்பைக் கொண்டுவந்தது. கண்ணாடிகளை இறக்கினால் இடுப்பிலிருந்து கூரை வரை நடுவில் எதுவும் இல்லை. தூண் வைத்த செடானை விட இதன் விலை சற்றுக் கூடும், கண்ணாடி சேரும் ரப்பரில் மழைநீர் ஒழுகும். இருந்தும் தயங்காமல் வாங்கத்தக்கது.

எதிர்ப்பக்கம் திறக்கும் கதவில் ஓர் எச்சரிக்கை. ஓடும்போது தாழ் விலகினால் காற்றே கதவைப் பிடுங்கித் திறந்துவிடும். குழந்தைகளை ஏற்றுகிறவர்கள் பழைய தாழை எறிந்துவிட்டு, கவ்விப் பிடிக்கும் இரட்டைக் கொக்கியும், வண்டி நகர்ந்ததும் தானே பூட்டிக்கொள்ளும் மின்பூட்டும் போடுகிறார்கள். பிரேக்கும் அப்படித்தான். பிளிமத் 1928லேயே ஹைட்ராலிக் பிரேக் கொடுத்துவிட்டது, செவ்ரலே 1936இல், ஃபோர்டு 1939இல்தான். அதற்கு முந்தைய ஃபோர்டு செடானில் ஐந்து பேரை ஏற்றி 300 குதிரைத்திறன் எஞ்சினையும் வைக்க நினைப்பவர், எஞ்சினுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வாங்கி வைத்துவிடுவது நல்லது.