தொண்டா, கடனா?

பல்கலைக்கழக மாணவர் மக்களிடையே சென்று தொண்டு செய்யவேண்டும், அதனைக் கல்வியின் ஒரு கூறாகவே கொள்ளவேண்டும் என்னும் கருத்து இன்று வலுப்பெற்று வருகிறது. நோக்கமின்றித் தவிக்கும் இளைஞருக்கு அது வழிகாட்டும் என்கின்றனர். கருத்து நல்லதே. ஆயினும் அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் நின்று பார்க்கையில் நமக்குச் சில ஐயங்கள் எழுகின்றன.

இந்நாட்டில் இதற்கு முன்னோடி உண்டு. 1958-ல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவரைக் கனத்தொலுவ என்னும் ஏழைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சர்வோதய சிரமதான இயக்கம் அதிலிருந்தே வளர்ந்தது. கிராமத்தில் மாணவன் வெட்டும் கிணறு கிராமத்தாருக்கே உரியது. தோட்டத்திலோ லயமும் அதற்குப் போகும் பாதையும் நிர்வாகத்தின் கையில். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தெடுத்த குடும்பங்களிற் பலவற்றுக்குத் தாம் குடியிருக்கும் காம்பரா இன்னும் சொந்தமில்லை. அங்கே கானைத் துப்புரவாக்கித் திரும்பும் மாணவன், நிர்வாகம் செய்யவேண்டிய வேலையைக் கூலியின்றிச் செய்து கொடுத்தவனாகிறான். காணியுரிமை பற்றிப் பேசாத தொண்டு இவ்வளவில்தான் முடியும்.

இன்னொன்றும் உண்டு. 1945-ல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. 1952-ல் பல்கலைக்கழகம் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. அந்நாளில் ஏற்றுமதி வருவாயில் முதலிடம் வகித்தது தேயிலையே. ஆனால் அத்தேயிலையைப் பறித்தோரின் பிள்ளைகள் படித்த தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியது 1970-களிலேதான். 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டமோ அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. ஆகவே மாணவன் கொடுப்பது தானமன்று. பெற்ற கடனின் ஒரு தவணை.

அப்படியானால் எதைக் கொண்டு செல்வது? முதலிற் கேட்கும் செவியை. மடக்கும்புரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947-ல் பாராளுமன்றம் சென்றவர். தம் மக்களின் வாய்மொழிப் பாடல்களை அரிதின் முயன்று தொகுத்தார். எழுத்தறியாதார் என்று ஒதுக்கப்பட்டோரிடம் இலக்கியம் இருந்ததை அத்தொகுப்பு உலகறியச் செய்தது. பட்டதாரிகள் மலையகத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவராயிருந்த காலத்தில் இர. சிவலிங்கம் அட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். ஒரு மாணவர் தலைமுறையை எழுத்துக்கும் சமூகப் பணிக்கும் ஆற்றுப்படுத்தினார். இவர்களுக்கு நோக்கத்தைத் தந்தது சான்றிதழ் அன்று, தம் மக்களோடு கொண்ட உறவு.

ஒரு வாரம் தங்கிப் படம் பிடித்து, அறிக்கை எழுதிப் புள்ளி பெறும் தொண்டு மாணவனுக்கே பயன் தரும். மறு ஆண்டும் அதே லயத்துக்கு வந்து, காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் மனு எழுதி, பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுப்பவனையே நாம் மாணவன் என்போம். அவன் தேடும் நோக்கம் அந்த லயத்து வாசலில் அவனுக்காகக் காத்திருக்கிறது.