“கிழக்கின் இத்தாலியம்”: ஒரு பட்டத்தின் ஆராய்ச்சி

தெலுங்கு மொழியைக் “கிழக்கின் இத்தாலியம்” என்று ஐரோப்பியர் புகழ்ந்தனர். மலாய் மொழிக்கும் அவருட் சிலர் அப்பட்டத்தையே சூட்டினர். இதனைப் பெருமையாக ஏந்தித் திரிவோர் இன்றும் உளர். ஆனால், பட்டம் வழங்கியோர் எதனை அளந்து வழங்கினர், அவ்வளவுகோல் நேரியதுதானா என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டத்திற்குக் கூறப்படும் காரணம் ஒன்றே. இத்தாலியச் சொற்களிற் பெரும்பாலன உயிரொலியில் முடிவன. ஆதலின் அவை செவிக்கு இனியன என்பதாம். தெலுங்கும் அத்தன்மையதே. நாம் “ஊர்”, “கண்”, “கால்” என்று மெய்யில் நிறுத்துவதை அவர் “ஊரு”, “கன்னு”, “காலு” என உயிரிற் கொண்டு முடிப்பர். மலாயிலோ “ஓராங்”, “மாக்கான்”, “ஈக்கான்” என மெய்யீற்றுச் சொற்கள் மலிந்து கிடக்கின்றன. பினாங்குக் கடைத்தெருவில் ஒரு நாழிகை நிற்பவர்க்கும் இது விளங்கும். ஆகவே, அளவுகோல் அங்கேயே முறிந்து போகின்றது.

அளவுகோலுக்கு முற்றும் பொருந்தும் மொழி வேறொன்று உண்டு. அது தென்னாப்பிரிக்காவின் சூலு மொழி. மழைக்கு “இம்வூலா”, நீருக்கு “அமான்சி”, மனிதனுக்கு “உமுன்ட்டு”, மக்களுக்கு “அபான்ட்டு”. சொல் உயிரில் முடிதலே அம்மொழியின் இயல்பு. அங்ஙனமாயின், தெலுங்கைக் “கிழக்கின் சூலு” என்று எவரேனும் புகழ்ந்ததுண்டோ? இல்லை. ஏன் இல்லை? இத்தாலியத்தின் பின்னே ரோமாபுரியும், ஓவியமும், இசை நாடகமும் நின்றன. சூலுவின் பின்னே நின்றவர் கறுத்த மேனியர். 1879-இல் ஆங்கிலேயர் படையெடுப்பிற்கு ஆளானவர். பட்டம் வழங்கியோர் ஒலியை அளந்தாரல்லர். அதனைப் பேசுவோரின் நிலையை அளந்தனர்.

“சூலுவில் நாவாற் சொடுக்கும் கரடுமுரடான ஒலிகள் உளவே” என்று ஒருவர் மறுக்கலாம். உண்மை, அத்தகைய ஒலிகள் மூவகையாக அதன்கண் உள்ளன. ஆயின் இரங்கத்தக்க செய்தி கேட்டால் நாமும் நாவைச் சொடுக்கி “த்சு” என்கிறோம். வண்டிக்காரன் நாவைச் சொடுக்கியே மாட்டை ஓட்டினான். நாம் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்ட ஒலியைச் சூலு மக்கள் எழுத்தாக்கிச் சொல்லிற் புகுத்தினர். அயலார் நாவிற்கு எளிதில் வாராத ழகரத்தை நம் மொழியின் அணி என்று கொண்டாடும் நாம், அவர்தம் ஒலியை இழிவென்பது எந்த அறம்?

இனி இலக்கணத்தை நோக்குவோம். இத்தாலியத்தில் ஒரு வெண்ணிற வீடு “காசா பியாங்கா”. பல வீடுகள் “காசே பியாங்கே”. பெயரின் ஈறு மாறப் பண்புச்சொல்லின் ஈறும் உடன் மாறுகின்றது. சூலுவிலோ இவ்வியைபு சொல்லின் முதலில் அமையும். “அபான்ட்டு அபாகூலு பயஹாம்பா” என்றால் பெரிய மக்கள் நடக்கின்றனர் என்பது பொருள். பன்மையைக் காட்டும் பகர ஒலி மூன்று சொற்களின் முகப்பிலும் நின்று அவற்றைப் பிணைக்கின்றது. இத்தாலியம் பெயர்களை ஆண், பெண் என இரண்டாகப் பகுக்கச் சூலு பத்திற்கு மேற்பட்ட வகுப்புகளாகப் பகுக்கின்றது. இவ்வளவு நுட்பமான கட்டுக்கோப்புடைய மொழியைப் பண்படாத மொழி என்பார் அதனைக் கல்லாதவரே. மேலும், “பாடுகிறேன்” என்ற அளவிலேயே “நான்” என்பது தமிழில் விளங்குமாறு போல, அவ்விரு மொழிகளிலும் வினையே எழுவாயைக் காட்டிவிடும். ஆங்கிலத்திற்கு அவ்வாற்றல் பெரும்பாலும் இல்லை. அதனால் ஆங்கிலம் தாழ்ந்துவிடவுமில்லை.

இத்தாலியமும் பிறப்பிலேயே பட்டம் பெற்ற மொழியன்று. இலத்தீனே கற்றோர் மொழி எனப்பட்ட காலத்தில், தாய்ப்பால் போல் வந்த மக்கள் மொழியே மேன்மையுடைத்து என்று வாதிட்டவர் தாந்தே. அவ்வாதத்தைக் கற்றோர்க்கு உணர்த்த அவர் இலத்தீனிலேயே எழுத நேர்ந்தது! 1861-இல் இத்தாலி ஒரு நாடாக இணைந்தபோதும், மக்களிற் பெரும்பாலோர் தத்தம் வட்டார மொழிகளையே பேசினர். சூலுவும் அவ்வழியே நடந்து வருகின்றது. தலைவரின் வீரத்தைப் பாடும் அதன் வாய்மொழிப் புகழ்ப்பாக்கள், நம் புறநானூற்றுப் புலவர் மரபோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கன. மகேமா ஃபூசே என்பார் தம் மக்களின் வரலாற்றைத் தம் மொழியிலேயே எழுதி 1922-இல் நூலாக்கினார். விலாக்காசியின் கவிதைத் தொகுதி 1935-இல் வெளிவந்தது. 

இம்மொழி தமிழர்க்கு அயலன்று. 1860-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாய்ச் சென்ற நம்மவர் இதன் நடுவே வாழ்ந்தனர். 1903-ஆம் ஆண்டில் அதே நேட்டாலில், தமிழ்ப் பகுதியும் கொண்ட “இந்தியன் ஒப்பீனியன்” இதழும், ஜான் டூபே தொடங்கிய சூலு இதழாகிய “இலங்கா”வும் தோன்றின.

சூலுவைப் போற்றுவதால் அதன் வழக்கங்கள் அனைத்தையும் போற்ற வேண்டுவதில்லை. அங்கே மருமகள் மாமனாரின் பெயரை மட்டுமன்று, அப்பெயரையொத்த அசையுள்ள சொற்களையும் விலக்கி, மாற்றுச்சொல் வழங்க வேண்டும் என்பது மரபு. கணவன் பெயரைச் சொல்லாமல் வாய் பொத்திய நம் பெண்டிர்க்கு இக்கட்டு புதிதன்று. இரண்டும் களையத்தக்கனவே. குறை வழக்கத்தினது, மொழியினதன்று.

இவ்வாராய்ச்சியால் நமக்கென்ன என்பீரேல், கேண்மின். சூலுவைத் தாழ்த்திய அதே அளவுகோல் நம் தோட்டங்களிலும் உலவுகின்றது. ஆங்கிலம் வாயிலாகக் கற்ற எம்போன்ற கிராணிமாருட் சிலர், தொழிலாளியின் பேச்சைக் கேட்டவுடன் “இது தோட்டத்துத் தமிழ்” என்று நகைக்கின்றனர். இரப்பரைக் “கித்தா” என்று அவன் மலாய்ச் சொல்லால் வழங்குவது இழுக்காம்! “கப்பல்”, “கடை”, “பெட்டி”, “முதல்” ஆகிய நம் சொற்களை மலாயர் “காப்பால்”, “கெடாய்”, “பெத்தி”, “மொடால்” என ஏற்று வழங்குகின்றனரே, அதனால் அவர் மொழி கெட்டதா? நகைப்பவர் சொல்லை எடை போடவில்லை. சொல்வோனின் கூலியை எடை போடுகின்றனர். அந்நகைப்பைக் கேட்டு வளரும் குழந்தை தன் தாயின் பேச்சிற்கே நாணுகின்றது. நாணியபின் அது எம்மொழியிலும் வாய் திறவாது.

இத்தாலியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வீரமாமுனிவர் தமிழகம் வந்தார். தேம்பாவணி பாடிய அப்பெரியார், பொதுமக்கள் பேச்சாகிய கொடுந்தமிழையும் இகழ்ந்து ஒதுக்காமல் அதற்கெனத் தனி இலக்கணம் எழுதினார். இத்தாலியரே நம் மக்கள் பேச்சை மதித்துக் கற்றிருக்க, இத்தாலியத்தின் பெயராற் பட்டம் தேடி நாம் அலைவது நகைப்பிற்குரியது. தோழர்களே! எம்மொழிக்கும் பிற மொழியின் பெயர் பட்டமாக வேண்டுவதில்லை. பேசும் மக்களை மதியுங்கள். மொழி தானே மதிப்புப் பெறும்.