களமும் மேடையும்: மலையகக் காமன் கூத்தை நோக்கும் முறை

ஒரு கூத்தை மதிப்பிடப் புகுவோர் முதலில் வினவ வேண்டியது அது எங்கிருந்து வந்தது என்பதன்று. யாரிடையே, எவ்வாறு, எதன்பொருட்டு நிகழ்கின்றது என்பதேயாகும். மலையகத்துக் காமன் கூத்துப் பற்றிய உரையாடல்களில் இரண்டு போக்குகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. ஒன்று, அதனைத் தமிழ்நாட்டு மரபின் எச்சமாகக் கொள்வது. மற்றையது, அதனை விழாமேடைக்குரிய வண்ணக்காட்சியாகக் கொள்வது. முன்னையது கூத்தைக் கடந்த காலத்துக்கும், பின்னையது வேடிக்கை பார்ப்போருக்கும் உரியதாக்கிவிடுகின்றது. ஆடும் மக்களோ இரண்டிலும் மறைந்துபோகின்றனர். அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளின் தோட்டங்களில் அது நிகழும் முறையை நுணுகி நோக்கின், இவ்விரு கருத்துக்களின் போதாமை தெளிவாகும்.

முதலில் ‘எச்சம்’ என்னும் கருத்தை எடுத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இருபதுகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டதன் பின்னர் மெல்ல விரிந்த தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை என அவர்தம் ஊர்கள் பலவாகும். அவ்வூர்களில் வெவ்வேறாக வழங்கிய கலைகள் இங்கு ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த லயங்களில் வந்து சேர்ந்தன. கொங்கு நாட்டுக்குரிய பொன்னர் சங்கர் கதையும், பாரதத்தின் வழிவந்த அருச்சுனன் தபசும், மாசி மாதத்துக் காமன் கூத்தும் ஒரே மக்கட் கூட்டத்தின் பொதுச்சொத்தாயின. பல ஊர்களின் மரபுகள் இவ்வாறு ஒரு கூரையின் கீழ்க் கூடியமை புதியதொரு சமூகத்தின் ஆக்கமாகும். ஆகவே அதனை வெறும் எச்சம் என்றல் பொருந்தாது.

கூத்தின் அமைப்பு இதனை மேலும் வலியுறுத்துகின்றது. மாசி அமாவாசையை அடுத்துப் பிறை காணும் நாளில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்படுகின்றது. அன்று தொடங்கிப் பௌர்ணமி வரையில் அவ்விடம் தோட்டத்தின் நடுவாகிவிடும். இரவுதோறும் பாடலும் ஆட்டமும் நிகழும். நேர்த்தி வைத்து வேடம் புனைவோர் விரதம் காப்பர். இரதிக்கும் மதனுக்கும் திருமணம் நடைபெறும். அவ்விருவரும் லயம் லயமாகச் செல்ல, வாசல்தோறும் விளக்கேற்றி அவர்களை வரவேற்பர். இறுதி இரவில் தூதன், வீரபத்திரன், எமன் முதலிய பாத்திரங்கள் தோன்றுவர், சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் எரிக்கப்படுவான், இரதி புலம்புவாள், அவள் வேண்டுதலால் அவன் மீண்டும் உயிர் பெறுவான். இடத்துக்கிடம் சடங்குகளில் வேறுபாடு உண்டெனினும், பொதுவான ஒழுங்கு இதுவேயாகும்.

இங்கு மனங்கொள்ள வேண்டியது கூத்தின் கால அளவு. இறுதி இரவு மட்டும் காமன் கூத்தன்று. ஏறத்தாழ இரண்டு வாரங்களும் சேர்ந்தே அது முழுமை பெறுகின்றது. பகலில் கொழுந்துக்கூடை சுமந்தவரும், கவ்வாத்துக் கத்தி பிடித்தவரும் இரவில் அதே நிலத்தில் வேறொரு ஒழுங்கின் கீழ் ஒன்றுகூடுகின்றனர். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்னும் பகற்பொழுதின் அடுக்கு அங்குச் சற்றே தளர்கின்றது. கூத்தைப் பழக்கும் வாத்தியாரின் சொல்லே அங்கு அதிகாரம். மேற்கு மலைச்சரிவுகளில் தையும் மாசியும் வறண்ட காலம். கொழுந்தின் பெருக்கு அதன் பின்னரே வரும். தமிழ்நாட்டில் அறுவடைக்குப் பிந்திய ஓய்வோடு இயைந்த கூத்து, இங்குத் தேயிலையின் பருவத்தோடு இயைந்துகொண்டது. வேரூன்றிய கலையிடமே இத்தகைய இயைபைக் காணலாம்.

கதையின் பொருளை எவ்வாறு கொள்வது? மன்மதன் தன் விருப்பத்தால் தவத்தைக் கலைக்கச் செல்லவில்லை. தேவர்களின் ஏவலால் செல்கின்றான். ஏவியோர் இருக்க, ஏவப்பட்டவன் எரிகின்றான். தோட்டத் தொழிலாளியின் வாழ்வை இக்கதையிற் காண விழையும் திறனாய்வாளர், இது சுரண்டலின் உருவகம் என எளிதில் முடிவுகட்டிவிடக்கூடும். ஆயின் இதே கதையைக் காவிரிக்கரை உழவரும் ஆடினர். கதை ஒன்றாயிருக்க, அதன் பொருள் மலையகத்துக்கே உரியது என்று நிறுவுவதற்குக் கதை மட்டும் போதாது. உருவகம் தேடும் ஆர்வம் கலையின் வடிவத்தைக் காணவொட்டாது தடுப்பதும் உண்டு. மலையகத்துக்கே உரிய பொருளை இரதியின் புலம்பலிலும் தப்பின் ஒலியிலும் தேடுதலே தக்கதாகும்.

கூத்தின் உச்சம் மன்மதன் எரியும் கணமன்று; அதன் பின்னர் எழும் இரதியின் புலம்பலே. அதன் மொழியும் மெட்டும் ஒப்பாரியோடு நெருங்கிய உறவுடையன. ஒப்பாரியோ பெண்களின் கலை. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டித் தந்த சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்பு இத்துறையில் முன்னோடியானது. தாலாட்டும் ஒப்பாரியும் தொழிற்பாட்டும் ஒரு மக்களின் எழுதப்படாத வரலாறு என்பதை அவர் உணர்த்தினார். அவ்வாறு நோக்கின், கூத்தின் நெஞ்சமாகிய பகுதி பெண்களிடமிருந்து பெறப்பட்டதென்பது புலனாகும். எனினும் களத்தில் இரதியாக ஆடுபவர் மரபுப்படி ஓர் ஆணே. பெண்கள் பொட்டலைச் சூழ அமர்ந்து, தமது மொழியிலேயே இன்னொருவர் அழுவதைக் கேட்டுக் கண்ணீர் வடிக்கின்றனர். கொழுந்து பறித்துத் தோட்டத்தின் வருவாயைத் தாங்குபவர் பெண்கள். கூத்திலோ அவர்கள் பார்வையாளர். உழைப்பிலும் கலையிலும் ஒருங்கே நிகழும் இவ்விலக்கலை மரபின் பெயரால் மூடிவிடுதல் நேர்மையான திறனாய்வாகாது.

தப்பின் நிலையும் இத்தகையதே. பழைய தோட்ட வாழ்வில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பின் ஒலி. சாவு வீட்டிலும் அதுவே ஒலித்தது. மாசி இரவுகளில் மக்களைக் காமன் பொட்டலுக்கு அழைப்பதும் அதே தப்பு. வேலைக்கு ஏவிய கருவி களியாட்டுக்கும் அழைப்பதாய் மாறும் இவ்விடத்திலேயே மலையகக் கூத்து தனக்கெனப் பொருள்கொள்கின்றது. ஆனால் தப்பின்றி ஆட்டம் இல்லை என்று கூறும் சமூகம், தப்படிப்பவரைச் சாதியின் பெயரால் நெடுங்காலம் ஒதுக்கியே வைத்தது. கூத்து மக்களை ஒன்றுசேர்த்தது என்பது உண்மை. எல்லோரையும் ஒரே வரிசையில் அமர்த்திவிடவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

இனி மேடை பற்றிய கருத்துக்கு வரலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியவற்றைத் தயாரித்தளித்தமை ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றில் ஒரு திருப்பம். 1956இல் பேராசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள அரங்குக்குச் செய்த பணிக்கு அதனை ஒப்பிடுவர். விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்து, சுருக்கப்பெற்றுப் படச்சட்ட மேடைக்கு வந்தது. படித்தோர் இழிவாகக் கருதிய கலை அதனாற் பெருமை பெற்றது. அப்பணியின் பெறுமதி குறைத்து மதிப்பிடற்பாலதன்று. ஆயினும் அப்பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த மலைகளிலேயே ஆண்டுதோறும் ஒலித்த தப்பு அந்த மறுமலர்ச்சியின் நடுவிடத்தைப் பெறவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்களின் கலை அது. கூத்து தேசியக் கலையென உயர்த்தப்பட்ட அதே பத்தாண்டில், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படவேண்டியோர் எனப் பங்கிட்டது. ஒரு தோட்டத்தில் இரதியாக ஆடியவர் ஒரு பட்டியலிலும், வாத்தியார் இன்னொரு பட்டியலிலும் இடம்பெறக் கூடிய நிலை அது. கூத்தின் தேய்வைப் பேசுவோர் திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் மட்டும் குற்றஞ்சாட்டுதல் போதாது. ஆடுவோரைக் கலைத்த அரசியலையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

இன்று மேடை வேறோர் உருவிலும் வருகின்றது. நுவரெலியாவின் கிறகறி வாவியும், ஏப்ரல் வசந்த காலமும், டெவன், சென். கிளயர் நீர்வீழ்ச்சிகளும் காண்போரைக் கவர்வன. கூடை சுமந்து புன்னகைக்கும் பெண்ணின் படம் தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் இடம்பெறுகின்றது. அவள் வாழும் லயம் அப்படத்தின் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றது. காமன் கூத்தும் இவ்வழியிற் பத்து நிமிட வரவேற்பு ஆட்டமாகுமாயின், அதுவும் அந்தப் பெண்ணின் படத்தைப் போன்றதாகிவிடும். ஆடை இருக்கும், தப்பு இருக்கும். கம்பம் ஊன்றிய நிலமும், நேர்த்தியும், வாசலில் ஏற்றிய விளக்கும் இரா.

இதனால் கூத்தை மேடையேற்றவே கூடாதென்று முடிவுகொள்ளல் தவறாகும். தோட்டங்களில் வேலை குறைந்து, இளைஞர் கொழும்பிலும் பிற நகரங்களிலும் தொழில் தேடிச் செல்லும் காலம் இது. இரண்டு வாரம் ஊரில் தங்கி விரதம் காக்க எல்லோராலும் இயலாது. லயங்களை விட்டுத் தனி வீடுகளுக்குச் செல்வது அம்மக்களின் நியாயமான உரிமை. கூத்தின்பொருட்டு லயம் நிலைக்க வேண்டும் என எவரும் விரும்பார். எனவே வடிவம் மாறவே செய்யும். அம்மாற்றத்தை யார் தீர்மானிப்பது என்பதே வினா. விழா ஏற்பாட்டாளரும் விளம்பரகாரரும் தீர்மானித்தால் எஞ்சுவது வேடிக்கை. ஆடும் மக்களே தீர்மானித்தால், பெண்ணொருத்தி இரதியாக ஆடவும், தப்படிப்பவர் வாத்தியாருக்கு நிகரான மதிப்பைப் பெறவும் அம்மாற்றமே வாயிலாகலாம்.

மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாறு 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையான நடைபயணத்தின் மூலம் நினைவுகூரப்பட்டது. நினைவுகூர்தல் ஆய்வாகக் கனிதல் வேண்டும். இறுதி இரவை மட்டும் ஒளிப்பதிவு செய்து திரும்புதல் ஆய்வாகாது. பிறை காணும் நாள் முதல் பௌர்ணமி வரை ஒரு தோட்டத்தின் கூத்தை முழுமையாகப் பதிவு செய்தல், பாடலோடு தாளத்தையும் குறித்தல், பெண்களின் ஒப்பாரியையும் இரதி புலம்பலையும் அருகருகே வைத்து ஒப்பிடல் ஆகிய பணிகள் தமிழ் பயிலும் மாணவருக்காகக் காத்திருக்கின்றன. அவற்றை ஏற்கும் நாளிலேயே, மலையகத் தப்பின் ஒலி பல்கலைக்கழகத்தின் வாயிலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது எனக் கூறமுடியும்.