புகை மணக்கும் பியர்

போலந்து என்றதும் வோட்காதான் நினைவுக்கு வரும். சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரே மடக்கில் உள்ளே தள்ளும் நாடு. அங்கேயே ஆற அமர உறிஞ்சிக் குடிக்க ஒரு பியரும் உண்டு. பெயர் குரோஜிஸ்கியே. போஸ்னன் நகருக்குத் தென்மேற்கில் உள்ள குரோஜிஸ்க் என்ற சிற்றூர்தான் அதன் பிறந்தகம்.

பெரும்பாலான பியருக்கு பார்லிதான் அடிப்படை. இதற்கோ முழுக்கக் கோதுமை. முளைகட்டிய கோதுமையை ஓக் விறகுப் புகையில் உலர்த்துகிறார்கள். அந்தப் புகைதான் இதன் உயிர். உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பாருங்கள்: வெளிர்மஞ்சள் நிறம், பளிங்குத் தெளிவு, விறுவிறுவென மேலேறும் குமிழிகள், வெள்ளை வெளேரென்று நிற்கும் நுரை. முதல் வாயில் விறகடுப்பின் வாசம்; பின்னாலேயே மெல்லிய கசப்பு. ஆல்கஹால் ஏறக்குறைய 3 சதவீதம்தான். 'போலந்தின் ஷாம்பெயின்' என்று இதற்குப் பட்டப்பெயர்.

1993-இல் ஊரிலிருந்த கடைசி ஆலையும் மூடப்பட்டது. வீட்டில் பியர் காய்ச்சும் ஆர்வலர்கள் விடவில்லை. பழைய ஈஸ்ட்டையும் பக்குவத்தையும் தேடிப்பிடித்துக் காப்பாற்றினார்கள். 2015-இல் அதே ஊரில் மறுபடி கொப்பரை சூடேறியது. போதைக்கு வோட்கா இருக்கவே இருக்கிறது. சாயங்காலப் பேச்சுக்கு இதுதான் தோது.