ஷுல்ஸின் இரண்டு விரல்கள்

கேத்ரின் ஷுல்ஸின் ‘தி ரியலி பிக் ஒன்’ கட்டுரையை நான் முதலில் படித்தது ஆபீஸ் வேலையாகப் போர்ட்லாந்தில் தங்கியிருந்தபோது. 2015 ஜூலையில் நியூயார்க்கரில் வந்து, மறுவருடம் புலிட்சர் வாங்கிய கட்டுரை. அன்று ராத்திரி தூக்கம் போச்சு. சமீபத்தில் மறுபடி படித்தேன். இந்தத் தடவை பயம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

வட கலிஃபோர்னியாவிலிருந்து வான்கூவர் தீவு வரை, கரைக்கு மேற்கே, ஒரு கடலடித் தட்டு வட அமெரிக்கத் தட்டின் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. கஸ்கேடியா என்று பெயர். 1700 ஜனவரி 26 இரவு அது உடைந்தது. பூர்வகுடிகளின் கதைகளில் அந்த இரவு இருக்கிறது; தேதி கிடைத்தது ஜப்பானில். நிலம் குலுங்காமலே வந்த ஒரு சுனாமியை அங்கே எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்பையும், வாஷிங்டன் கரையில் உப்புநீர் ஏறிச் செத்த செடார் மரங்களின் வளையங்களையும் ஷுல்ஸ் கொண்டுவந்து சேர்க்கிற இடம் இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது, துப்பறியும் கதைதான்.

என் சண்டை அவருடைய கை உவமையோடு. இரண்டு உள்ளங்கைகளையும் கீழ்நோக்கிப் பிடித்து நடுவிரல் நுனிகளைத் தொடவையுங்கள், இதுதான் இரண்டு தட்டுகள் என்கிறார். தெற்குப் பகுதி மட்டும் உடைந்தால் முதல் இரண்டு விரல்கள், ரிக்டர் 8.0 முதல் 8.6, முழுக் கையும் என்றால் 9.2 வரை. பிரமாதம். ஆனால் ஒரு விரல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது? கையில் பார்த்தால் தெரிகிறது, கடலடியில்? அப்போது கைவசம் இருந்த ஒலிப்படங்களில் பெரும்பாலானவை 1980களின் பழைய கருவிகளால் எடுத்தவை. அந்தக் குறையை அவர் வாசகரிடம் சொல்வதில்லை.

காலத்தைப் பற்றி நிறையவே சொல்கிறார். கிறிஸ் கோல்ட்ஃபிங்கர் கடலடி வண்டலைத் துளைத்தெடுத்து எண்ணியதில் 10,000 வருடத்தில் 41 நிலநடுக்கங்கள். சராசரி 243 வருடம். கடைசியாக வந்து முந்நூறு தாண்டிவிட்டது என்றதும், பஸ் லேட் என்பதுபோல் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. சராசரி என்பது டைம்டேபிள் இல்லை. டேட்டாவோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற எனக்கே முதல் வாசிப்பில் அது உறைக்கவில்லை.

விரல்களைத் தேடிப் போனது 2021இல் மார்கஸ் ஜி. லாங்செத் என்ற கப்பல். 41 நாள், 15 கிலோமீட்டர் நீள ஒலிவாங்கிக் கம்பியை இழுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் காற்றுத் துப்பாக்கி வெடித்து, எதிரொலியைப் பதிவுசெய்தார்கள். சுசேன் கார்போட் குழுவின் முடிவு 2024இல் வந்தது: கீழே நுழையும் தட்டு ஒரே பலகையாக இல்லை, குறைந்தது நான்கு துண்டுகள். வாஷிங்டனுக்கும் தெற்கு வான்கூவர் தீவுக்கும் எதிரே உள்ள துண்டு மற்றவற்றைவிட வழவழப்பாக, சாய்வு குறைந்து, கரைக்கு அடியில் வெகுதூரம் போகிறது. ஆபத்து அங்கேதான் அதிகமாக இருக்கலாம். துண்டு துண்டாகத்தான் உடையும் என்று இதற்கு அர்த்தமில்லை, நான்கும் சேர்ந்தும் போகலாம். ஆனால் எந்த ஊர் எவ்வளவு குலுங்கும், அலை எவ்வளவு உயரம் வரும் என்று கணக்கிட இந்த வடிவம் வேண்டும். பயங்கரத்தை அவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர், அந்த வடிவம் தெரியாமல் தவிப்பதையும் எழுதியிருக்கலாம்.

என் வாதத்துக்கு இடைஞ்சலாக ஒரு ஊர் இருக்கிறது. ஆரெகானில் ஸீஸைட், கட்டுரையிலேயே வருகிறது. தாழ்நிலத்துப் பள்ளிகளை மேட்டுக்கு மாற்ற 2013இல் கேட்ட பணத்தை மக்கள் வாக்களித்து மறுத்தார்கள். 2016 நவம்பரில் கொடுத்தார்கள். நடுவில் ஷுல்ஸின் கட்டுரை வந்திருந்தது. அதனால்தானா என்று நான் சொல்ல முடியாது. கடலடிப் படம் வந்தபோது பிள்ளைகள் ஏற்கெனவே மேட்டுப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.