மரவட்டையில் ஆண் பெண்: நீளம் வேறு, பருமன் வேறு

மரவட்டையில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய உடலின் ஏழாவது வளையம் போதும். பெரும்பாலான இனங்களில் முதிர்ந்த ஆணுக்கு அந்த வளையத்துக் கால்களில் ஒரு ஜோடியோ இரண்டுமோ விந்தைக் கடத்தும் உறுப்புகளாக மாறியிருக்கும். அடியிலிருந்து பார்த்தால் கால்வரிசையில் ஓர் இடைவெளி தெரியும். பெண்ணுக்கு வரிசை அறுபடாது. கண்ணாடிப் புட்டிக்குள் ஊரவிட்டுப் பார்ப்பது எளிது. கையில் எடுத்தால் கழுவிவிட வேண்டும். அது சுரக்கும் திரவம் கண்ணில் பட்டால் எரியும். அடிப்படை இவ்வளவே. அருவருத்து ஒதுங்குபவர்கள் இதைக்கூடப் பார்ப்பதில்லை என்பதுதான் எரிச்சல்.

ருசி தொடங்குவது உடலளவில். பல இனங்களில் பெண்ணே பெரியது; முட்டைக்கு இடம் வேண்டும். ஆனால் பெரியது என்றால் நீளத்திலா, பருமனிலா? நீளத்தை மட்டும் அளந்துவிட்டு ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒன்று என்று முடித்துவிடும் குறிப்புகள் மேலோட்டமானவை. மரவட்டை ஓர் உருளை. நீளம் 10 சதவீதம் கூடினால் கன அளவும் 10 சதவீதமே கூடும். விட்டம் அதே அளவு கூடினால் கன அளவு 21 சதவீதம் ஏறும். தென்னாப்பிரிக்கக் கடலோரக் காடுகளின் சென்ட்ரோபோலஸ் பேரினத்தில் பெண் பருமன், ஆண் ஒல்லி.

சூழல் நுழைவதும் இந்தப் பருமன் வழியாகத்தான். மரவட்டையின் ஓட்டில் பூச்சிகளுக்குள்ளதுபோல் நீரைக் காக்கும் மெழுகுப் படலம் இல்லை. உடல் சீக்கிரம் உலரும். பருத்த உடலில் கன அளவை நோக்க மேற்பரப்பு குறைவு, ஈர இழப்பும் குறைவு. நீள்வதால் அந்த லாபம் அநேகமாக இல்லை. மார்க் கூப்பர் என்ற ஆய்வாளர் சென்ட்ரோபோலஸின் ஆண்-பெண் அளவு வேறுபாட்டை மழையோடும் வெப்பத்தோடும் ஒப்பிட்டது காரணமில்லாமல் அல்ல.

மண்ணுக்கடியில் கதை மாறுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்து 2021இல் விவரிக்கப்பட்ட யூமிலிப்பஸ் பெர்செஃபோனி என்ற மரவட்டை இனம் 1 மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதது. பாறை இடுக்கில் பருக்க வழியில்லை. பெண் நீண்டது என்று கொள்ளலாம். உடல் நீண்டால் வளையங்களும் கால்களும் கூடும்; கிடைத்த பெண்களுக்கு 1,306, 998 கால்கள். ஆண்களுக்கு 818, 778. உலக சாதனை என்று 1,306ஐக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் அது பெண் என்பதைக் கவனித்தார்கள்?

ராட்சத ஆப்பிரிக்க மரவட்டையை உள்ளங்கையில் ஏற்றிப் படமெடுப்பது வெறும் மோகம். மழைக்காலத்தில் தோட்டத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக நகரும் ஜோடி கிடைக்கும். குனிந்து இரண்டின் தடிமனையும் ஒப்பிட்டால் போதும்; முதுகில் இருப்பது ஆண்.