கழுகு செய்த குற்றம் என்ன?

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள திருக்கழுக்குன்றத்திற்குப் பட்சி தீர்த்தம் என்றும் ஒரு பெயர் உண்டு. வேதகிரீசுவரர் மலையில் நண்பகல் வேளையில் இரண்டு வெண்ணிறக் கழுகுகள் வந்து, கோயிலார் படைக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்டு செல்லும். 1990-களின் பிற்பகுதியில் அவை வருவது நின்றுபோயிற்று.

‘உலகில் பாவம் பெருகிவிட்டது; அதனால் வரவில்லை’ என்பது ஒரு விளக்கம். ஆனால் இதே இனப் பறவை ஊர்க்கொல்லையில் வந்து இறங்கினால் பேச்சே வேறு. ‘பிணந்தின்னி, அபசகுனம், விரட்டு!’ என்பார்கள். ஒன்று புகழ்ச்சி, மற்றொன்று இகழ்ச்சி. எனினும் இரண்டிலும் உள்ள குறை ஒன்றே. பறவை எதைத் தின்று வாழ்கிறது என்று பாராமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

மஞ்சள் முகமும் வெண்ணிற உடலும் கொண்ட இந்தக் கழுகு பிணம், சாணம், குப்பை, பூச்சி, முட்டை என எதையும் தின்னும். குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் உணவு கிடைத்தால் பழகிக்கொள்ளும். ஒரு சோடி மறைந்தால் வேறொரு சோடி அந்த இடத்தைப் பிடிக்கும். பொங்கலுக்கு அவை வந்ததில் வியப்பில்லை.

இனி, ‘தொல்லை’ என்னும் குற்றச்சாட்டைப் பார்ப்போம். கோழிக்குஞ்சைக் கழுகு தூக்கிவிட்டது என்பது கிராமத்தில் அடிக்கடி கேட்கும் புகார். பருந்து முதல் பிணந்தின்னி வரை எல்லாவற்றையும் ‘கழுகு’ என்றே அழைப்பதால் வரும் குழப்பம் இது. பிணந்தின்னிக் கழுகின் கால்கள் இரையைப் பற்றித் தூக்கும் வலிமை இல்லாதவை. அமெரிக்காவின் கருங்கழுகு பிறந்த கன்றைத் தாக்குவதுண்டு. அதை விரட்ட அங்கே இறந்த கழுகின் உருவத்தைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆனால் அது நம் நாட்டுக் கழுகுகளுடன் நெருங்கிய உறவில்லாத வேறு இனம். அந்த யோசனையை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவருவது நோயறியாமல் மருந்து கொடுப்பதைப் போன்றது.

நம் நாட்டில் கழுகை ஒழித்தது யாரும் திட்டமிடாத ஒன்று. கால்நடைகளின் வலிக்கும் காய்ச்சலுக்கும் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்துதான் அது. மருந்து உடலில் தங்கிய நிலையில் மாடு இறந்து, அதைக் கழுகு தின்றால், கழுகின் சிறுநீரகம் பழுதாகி யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெண்படலமாகப் படியும். சில நாட்களில் பறவை மடியும். இந்த உண்மை பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சியின் மூலம் 2004-இல் வெளியாயிற்று. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டனர். 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகளில் 1000-க்கு 999 மறைந்தன. மலையில் உணவு கொண்ட வெண்ணிறக் கழுகின் இனமும் இதே காலத்தில் நாடெங்கும் வெகுவாகக் குறைந்தது. ஒரு குன்றை மட்டும் பார்ப்பவருக்கு அது தெய்வக் குறி. நாடு முழுவதையும் பார்ப்பவருக்குத்தான் காரணம் தேடத் தோன்றும்.

கழுகு போனதால் தொல்லை தீர்ந்ததா? இல்லை. தின்ன ஆளின்றிக் கிடந்த பிணங்கள் தெருநாய்களுக்கு விருந்தாயின; தண்ணீரும் மாசுபட்டது. கழுகுகள் குறைந்ததால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் பலியாகியிருக்கும் என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. கூலி வாங்காத துப்புரவாளனை இழந்ததற்கு நாம் கொடுத்த விலை இது.

அப்படியானால் வீட்டருகே கழுகு கூடினால் என்ன செய்வது? அது கூடுவதற்குக் காரணம் அங்கே கிடக்கும் பிணம். பிணத்தை ஊருக்கு அப்பால் அகற்றினால் கழுகும் அங்கே போய்விடும். நாயையோ நரியையோ கொல்லப் பிணத்தில் நஞ்சு வைப்பது கூடவே கூடாது. அது கழுகையும் கொல்லும்.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதை இந்திய அரசு 2006-இல் தடை செய்தது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவையும் தடை செய்யப்பட்டன. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் எஞ்சிய கழுகுகள் மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே பெரிதும் வாழ்கின்றன. அவை பிழைப்பது, மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம் ‘இது என்ன மருந்து?’ என்று நம் வீட்டார் கேட்பதைப் பொறுத்திருக்கிறது. மாணவர்களே, அந்தக் கேள்வியை உங்கள் வீட்டில் முதலில் கேட்பவர் நீங்களாக இருக்கலாமே!